ஏழு கிணறும் ஆறு பங்கும்

போன மாதம் நகரத்து ஆசிரியர் நிலையத்தில் நடந்த கருத்தரங்கு ஒன்றுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவனைக் கூப்பிட்டால் பொன்னாடை போர்த்தி ஒரு மூலையில் இருத்திவிடுவார்கள் என்று நினைத்துத்தான் போனேன். மண்டபத்தில் கதிரை அறுபது, ஆட்கள் முப்பத்தெட்டு, சுழல்கிற மின்விசிறி இரண்டு. இனிமேல் எழுத்துப் பரீட்சைக்குப் புள்ளி குறையும், வகுப்பில் நடக்கும் கணிப்பீட்டுக்குக் கூடும் என்று ஒரு கதை அடிபடுவதால் எல்லோர் முகத்திலும் ஒரு கலவரம். கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஓர் இளம் ஆசிரியர் எழும்பினார்.

"சேர், வினாத்தாள் எண்டால் விடை இருக்கு. சரி, இல்லாட்டிப் பிழை. செய்து காட்டு, சொல்லிக் காட்டு, சேர்ந்து செய் எண்டு விட்டால், ஒரு பிள்ளைக்குத் தெரியுமோ தெரியாதோ எண்டு நான் எதை வைச்சுச் சொல்லுறது? நாளைக்குத் தாய் தேப்பன் வந்து கேட்டால் என்ன பதில்?"

"ரெண்டு புள்ளி கூடப் போட்டு விடும். ஒருத்தரும் கேக்க வரமாட்டினம்," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

மண்டபம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ஏதோ சொல்லத் தொடங்க, நேரம் முடிந்துவிட்டது என்று எல்லோரையும் தேநீருக்கு எழுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனால் எழுதுகிறேன். இதில் பதில் இருக்கிறதா என்பது எனக்கே நிச்சயமில்லை. நடந்தது இருக்கிறது.

நான் கணித ஆசிரியன். பயிற்சிக் கலாசாலையில் இரண்டு வருடம், வெருகலில் முதல் நியமனம், பிறகு மூதூர், பிறகு நகரம். கடைசிப் பன்னிரண்டு வருடமும் சேவைக்கால ஆலோசகர். அதாவது மற்ற ஆசிரியர்களின் வகுப்புக்குப் போய்க் கடைசி வாங்குப் பலகையில் இருந்து பார்த்துக் குறிப்பு எழுதுகிறவன். ஒருவருக்கும் பிடிக்காத உத்தியோகம். நான் வாசலில் தெரிந்தால் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும் கை ஒருகணம் நிற்கும்.

எழுத்துப் பரீட்சையை நான் வெறுத்தவன் அல்லன். இளவயதில் விடைத்தாள் திருத்தும் நிலையத்துக்குப் போவதென்றால் எனக்குத் திருவிழா. ஒரு மேசைக்கு ஆறு பேர். ஒருவர் திருத்துவதை இன்னொருவர் கூட்டிப் பார்ப்பார், அதை மூன்றாமவர் சரிபார்ப்பார். அந்த ஒழுங்கு என் குணத்துக்கு ஏற்றது. ஆனால் ஒரு தாள் என் கையில் நின்றுவிட்டது. வட்டத்துக்குள் முக்கோணம், கோணத்தைக் காணவேண்டும். அந்தப் பிள்ளை ஒரு வரிகூட எழுதாமல் தாளையே மடித்துப் பார்த்திருக்கிறது. மடிப்புக் கோடுகளின் மேல் பென்சில் அடையாளம் இருந்தது. கடைசியில் விடை மட்டும். விடை சரி. எங்கள் புள்ளித்திட்டத்தின்படி படிமுறை இல்லாத விடைக்கு ஐந்தில் ஒன்று. பிரதான பரீட்சகரிடம் கொண்டுபோனேன்.

"தாள் மடிஞ்சு வந்திருக்கு. அதுக்கென்ன?"

"மடிஞ்சு வரேல்லை சேர். மடிச்சிருக்கு."

"சரி. பிள்ளையைக் கூப்பிட்டு ஏன் மடிச்சனி எண்டு கேக்க ஏலுமோ? ஏலாது. ஒண்டு போடுங்கோ."

ஒன்று போட்டேன். அவர் சொன்னதில் பிழையில்லை. அந்த மண்டபத்தில் ஆயிரக்கணக்கான தாள்கள் இருந்தன, கேட்பதற்கு ஒரு பிள்ளைகூட இல்லை.

பிறகு பாடசாலை மட்டக் கணிப்பீடு வந்தது. செயல்திட்டம், ஒப்படை, செய்முறை. இனிப் பிள்ளையைக் கேட்கலாம் என்று நான் சந்தோசப்பட்டேன். கிண்ணியாவில் ஒரு பாடசாலையில் முதலாவது செயல்திட்டக் கட்டைத் திறந்தேன். நாற்பத்திரண்டு பிள்ளைகள், நாற்பத்திரண்டு செயல்திட்டம், நாற்பத்திரண்டின் அட்டையிலும் ஒரே ரோசாப்பூ. சந்தியில் இருந்த போட்டோக்கொப்பிக் கடையில் ஆயத்தமாக அச்சடித்து விற்றிருக்கிறார்கள். பெயரை மட்டும் பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். வகுப்பாசிரியர் எல்லாவற்றுக்கும் பத்துக்கு எட்டுப் போட்டிருந்தார். "ஏன் எட்டு?" என்றேன். "பத்துப் போட்டால் சந்தேகப்படுவீங்கள் சேர்," என்றார். பரீட்சையை எடுத்துவிட்டால் மட்டும் உண்மை தானாக வந்து வாங்கில் இருக்காது என்று அன்றைக்கு விளங்கியது. அதற்குப் பிறகு எந்தக் கணிப்பீட்டையும் நான் பயத்தோடுதான் தொட்டேன்.

அந்தப் பயம் வீண் இல்லை என்று ஒருமுறை தெரிந்தது. அதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. எங்கள் வலயத்தில் மூன்று பாடசாலைகளில் ஒரு பரீட்சார்த்த ஏற்பாடு தொடங்கினார்கள். பதினோராம் தரப் பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வரும்வரை காத்திராமல், வகுப்புக் கணிப்பீட்டை மட்டும் வைத்து, நகரத்துக்குக் கிட்டத் தொடங்கும் நீர்வளத் தொழினுட்பப் பாடநெறியில் சேரலாம். நூற்றுக்கு ஐம்பது எடுத்தால் இடம். எண்பது புள்ளி ஆசிரியர் போடுவது. மிச்சம் இருபது, குழுவாக வேலை செய்த பிள்ளைகள் ஒருவருக்கொருவர் போடுவது. அந்த இருபதை ஏற்பாட்டில் சேர்க்கச் சொன்னவன் நான். கூட வேலை செய்தவனுக்குத்தான் ஆர் செய்தது, ஆர் சும்மா நின்றது என்று தெரியும் என்பது என் வாதம்.

இந்த ஏற்பாட்டை மேற்பார்வை செய்தவர் பிரதிக் கல்விப் பணிப்பாளர். மகேஸ்வரி மேடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் உரத்துக் கதைத்து நான் கேட்டதில்லை. பாடசாலைக்குப் போனால் அதிபரின் கதிரையில் இருக்கமாட்டார். வகுப்புக்குள் போய், ஒரு பிள்ளையைக் கொஞ்சம் அரக்கி இருக்கச் சொல்லிவிட்டு, அந்த வாங்கிலேயே இருப்பார். எந்த அறிக்கையையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் வாசிப்பார். முதற்பக்கம் மேலிடத்துக்காக எழுதுவது, களைத்துப்போய் எழுதும் கடைசிப் பக்கத்தில்தான் உள்ளது இருக்கும் என்பார். நாங்கள் ஒன்றைச் சொல்லி முடித்தால், "எனக்கு விளங்கேல்லை. திரும்பச் சொல்லுங்கோ" என்பார். விளங்காமல் அல்ல. பாடமாக்கியவர் இரண்டாம் முறையும் அதே சொற்களில் சொல்லுவார், தெரிந்தவர் வேறு சொற்களில் சொல்லுவார். மூன்றாம் முறையும் கேட்பார். அதற்குள் எனக்குச் சட்டை நனைந்துவிடும்.

மூன்று பாடசாலைகளில் ஒன்று இறக்கக்கண்டிப் பக்கம், புல்மோட்டை பஸ்ஸில் போகவேண்டும். விஞ்ஞானம் படிப்பித்தவர் பர்ஹானா ரீச்சர், மூதூர் பிள்ளை, முதல் நியமனம். ஆறு பேர் கொண்ட ஒரு குழுவுக்கு அவர் கொடுத்த வேலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கடற்கரையிலிருந்து பெரிய வீதிவரை ஒரே நேர்கோட்டில் ஏழு கிணறுகள். ஒவ்வொன்றிலும் நீர்மட்டம் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று அளந்து, வரைபு கீறி, ஏன் அப்படி என்று சொல்லவேண்டும். பிள்ளைகள் தங்குசு எனும் நைலோன் நூலில் வலையின் ஈயக்குண்டைக் கட்டி இறக்கி, தண்ணீர் தொட்ட இடத்தில் முடிச்சுப் போட்டு அளந்திருந்தார்கள். வரைபையும் பார்த்தேன். சுத்தமான வேலை.

குழுவின் தலைவன் சதீஸ். குழுவில் இருந்த வினோதினி அவனுடைய சின்னம்மாவின் மகள். நாலு கிணறு அளந்து முடிந்ததும் வினோதினிக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டார்கள். அவளைப் பற்றிப் பர்ஹானா ரீச்சர் முதலே எனக்குச் சொல்லியிருந்தார். தமக்கை கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில் நிற்கிறாள், இவளுக்கும் அங்கே கதைத்து வைத்திருக்கிறது. தகப்பன் கடற்கரையில் கரைவலை இழுப்பவர். பாடநெறி என்றால் இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். ரீச்சர் வீட்டுக்குப் போய்க் கதைத்தபோது அவர் சொன்ன சொல் இதுதான்: "சதீஸ் போறானெண்டால் அவனோட இவளும் போகட்டும். அவன் போகாட்டி இவள் தமக்கையிட்டப் போகட்டும்."

பாடநெறிக்குத் தெரிவானவர்களின் பட்டியல் மாகாணத்துக்குப் போகவேண்டிய நாளன்று காலையில் மேடமும் நானும் அந்தப் பாடசாலைக்குப் போனோம். மேடம் வழமைபோல வாங்கில் இருந்து குழுவின் கணிப்பீட்டுக் கோவையைப் பின்பக்கத்திலிருந்து திறந்தார். பின்பக்கத்தில் இருந்தது பிள்ளைகள் ஒருவருக்கொருவர் போட்ட புள்ளி. ஆறு பேர், ஆளுக்கு ஐந்து பேரை மதிப்பிடவேண்டும். முப்பது இலக்கங்கள்.

"ரீச்சர், இதை வாசியுங்கோ," என்றார் மேடம்.

"பதினைஞ்சு... பதினைஞ்சு..." பர்ஹானா ரீச்சரின் குரல் உள்ளே போய்விட்டது.

"முப்பதும் பதினைஞ்சு. ஆர் சொல்லிக் குடுத்தது?"

"அல்லாவாண நான் சொல்லேல்லை மேடம். பிள்ளையள்தான் போட்டவை."

சதீஸ் எழும்பினான். "ரீச்சர் இல்லை மேடம். நாங்கள் பங்கு வைச்சனாங்கள்."

"எனக்கு விளங்கேல்லை. திரும்பச் சொல்லுங்கோ."

சதீஸ் அதையே திரும்பச் சொன்னான். பக்கத்தில் இருந்த நிஸ்வர் என்ற பொடியனுக்குப் பொறுக்கவில்லை. "மேடம், கரைவலை இழுத்தால் கயிறு புடிச்ச எல்லாருக்கும் ஒரே பங்குதானே. நான் முன்னுக்கு நிண்டன், இவன் பின்னுக்கு நிண்டு கள்ளத்தனமா இழுத்தான் எண்டு ஆரும் மீனைக் குறைக்கிறேல்லையே. சும்மா நிண்டவனுக்கு ஏச்சும் விழும், பங்கும் விழும்."

"வினோதினி கயிறு பிடிக்கேல்லையே? ஆஸ்பத்திரியில எல்லோ இருந்தவ?"

"காய்ச்சல்காரருக்குப் பங்கு குடுக்காட்டி, தண்டல் எங்களைக் கடலுக்குள்ள இறக்கிப்போடுவார் மேடம்." தண்டல் என்றால் வலை இழுப்பவர்களின் தலைவர்.

"சரி. இருபது போடலாமே. ஏன் பதினைஞ்சு?"

நிஸ்வர் பர்ஹானா ரீச்சரைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "மிச்சம் ஐஞ்சு ரீச்சருக்கு. வலைக்காரருக்கும் ஒரு பங்கு இருக்கெல்லோ. வலை ரீச்சற்ர."

எனக்குச் சிரிப்பு வந்து, அது வந்த வழியே போய்விட்டது. சுற்றறிக்கையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பிள்ளைகள் கதைத்துப் பேசிப் புள்ளி போட்டதாகக் கண்டால், குழுவின் முழுக் கணிப்பீடும் இரத்து. எண்பதும் சேர்ந்துதான். என் மூளையில் உதித்த இருபது, ஆறு பிள்ளைகளின் நூறையும் கொண்டுபோகப் பார்த்தது. வேறு ஊர்ப் பிள்ளைகளாக இருந்தால் சண்டை பிடித்து ஒருவருக்கு ஐந்தும் ஒருவருக்கு இருபதும் போட்டிருப்பார்கள், தப்பியிருப்பார்கள்.

மேடம் எங்களை விறாந்தைக்குக் கூப்பிட்டார்.

"ஒரு வழி இருக்கு. வராத பிள்ளைக்கும் போட்டதுதான் இதில வெளிப்படையான பிழை. வினோதினி வேலை செய்யேல்லை எண்டு ஐஞ்சு பேரும் எழுதித் தந்தால், அந்தப் பெயரை எடுத்துப்போட்டு மற்ற ஐஞ்சையும் காப்பாத்தலாம். கேட்டுப் பாருங்கோ."

கேட்டேன். கேட்கும்போதே எனக்கு வாய் கசந்தது. சதீஸ் ஒருவரையும் பார்க்காமல் பதில் சொன்னான். "அவ நாலு கிணறு அளந்தவ சேர். செய்யேல்லை எண்டு எழுத ஏலாது."

"எழுதாட்டி உங்கள் எல்லாருக்கும் போயிடும்."

"போகட்டும்," என்றாள் பின்னாலிருந்த ஒரு பிள்ளை. ஒருவரும் மறுக்கவில்லை.

திரும்பி வந்து மேடத்திடம் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பால் துடைத்து, திரும்பப் போடாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "சேர், இந்த இருபதை வைக்கச் சொன்னது நீங்கள். இப்ப என்ன செய்வம்?"

"இலக்கத்தை வைச்சு ஒண்டும் சொல்ல ஏலாது மேடம். பிள்ளையளைத் தனித்தனியக் கேப்பம். கிணத்தடியில வைச்சு."

"அந்த இருபதுக்குப் பதிலா?"

"ஓம். பங்கு வைச்சதை எடுத்துப்போட்டால் எண்பதும் தப்பும். என்ன செய்தனி, எப்பிடித் தெரியும், ஏன் அப்பிடி, பிழைச்சால் என்ன செய்வாய். நாலு கேள்வி. எழுதி வைச்சிருக்கிறன்."

"வினோதினியையும் கூப்பிடுங்கோ," என்றார் மேடம். "பட்டியல் இண்டைக்குப் போகோணும்."

நாலாவது கிணற்றடியில் ஒரு மேசையும் இரண்டு கதிரையும் போட்டார்கள். ஒரு பிள்ளை கதைக்கும்போது மற்றவர்கள் வேலிக்கு அப்பால் நிற்கவேண்டும். நான் கேட்பேன், மேடம் கேட்டுக்கொண்டு நிற்பார். முதல் நாலு பேரும் தட்டுத்தடுமாறி ஒப்பேற்றிவிட்டார்கள். நிஸ்வர் கை கால் எல்லாம் ஆட்டிச் சொன்னான், ஆனால் சொன்னான். ஐந்தாவதாகச் சதீஸ். நூலை இறக்கிக் காட்டினான், திறமாகச் செய்தான். கடைசி மூன்று கிணற்றையும் தன் கையால் அளந்தவன் அவன்தான். தண்ணீர் ஏன் அந்த மட்டத்தில் நிற்கிறது என்று கேட்டேன்.

"நிலக்கீழ் நீர் என்பது புவி மேற்பரப்பின் கீழ் மண் துணிக்கைகளுக்கு இடையிலான வெளிகளில் தேங்கியுள்ள நீராகும்."

"திரும்பச் சொல்லுங்கோ," என்றார் மேடம்.

திரும்பச் சொன்னான். அதே சொற்கள், அதே இடத்தில் மூச்சு. மூன்றாம் முறையும் அப்படியே. அந்தக் கேள்விக்கு ஆறு புள்ளி. நான் ஒன்று போட்டேன்.

வினோதினி தாயோடு முச்சக்கர வண்டியில் வந்தாள். ஸ்வெட்டர் போட்டிருந்தாள், அந்த வெயிலில். கதிரையில் இருக்கச் சொன்னோம்.

"கடைசி மூண்டு கிணறும் அளந்தனீங்களோ?" என்று கேட்டேன்.

"இல்லை சேர். நான் நாலுதான்."

"சரி, வரைபு இருக்கு. பாத்துச் சொல்லுங்கோ. தண்ணி எப்பிடிப் போகுது?"

அவள் அந்த வரைபை அன்றைக்குத்தான் முதல்முறை பார்க்கிறாள். விரலைக் கடற்கரைப் பக்கத்தில் வைத்து மெல்ல நகர்த்தினாள். நாலாவது புள்ளி தாண்டியதும் விரல் நின்றது. என் கண் முன்னாலேயே அவள் முகம் மாறியது. வேலிக்கு அப்பால் நின்ற சதீசை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு திரும்ப வரைபைப் பார்த்தாள்.

"சொல்லுங்கோ," என்றார் மேடம்.

"...நல்லா இருக்கு மேடம்."

"என்ன நல்லா இருக்கு?"

அவள் உதட்டைக் கடித்தாள். தான் சொல்லப்போவது ஆரை விழுத்தும், ஆரோடு சேர்ந்து ஆர் விழுவார் என்று அவளுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். கடைசியில் மெல்லிய குரலில் சொன்னாள். "இது மூண்டும் பிழை."

"எனக்கு விளங்கேல்லை."

"கடலடியில இருந்து வீதிப்பக்கம் போகப் போகத் தண்ணி கொஞ்சம் கொஞ்சமா மேல வருது மேடம். நாலு கிணறு மட்டும் அப்பிடித்தான். ஐஞ்சாவதில திடீரெண்டு படி மாதிரிக் கீழ விழுது. நிலத்துக்குள்ள படி இருக்காதே. நாங்கள் நாலும் விடியக் காலமை அளந்தனாங்கள், ஒருத்தரும் அள்ள முந்தி. இது சனம் அள்ளி முடிஞ்ச பிறகு அளந்திருக்கினம்."

"திரும்பச் சொல்லுங்கோ."

"வாளியில தண்ணியை ஊத்திப்போட்டு, குடிச்சு முடிச்ச பிறகு எவ்வளவு இருந்ததெண்டு பாக்கிற மாதிரி மேடம்."

மேடம் மூன்றாம் முறை கேட்கவில்லை. வேலிப்பக்கம் திரும்பி, "சதீஸ், இஞ்ச வாங்கோ. கடைசி மூண்டும் எப்ப அளந்தது?" என்றார்.

அவன் மேடத்தைப் பார்க்கவில்லை. வினோதினியைப் பார்த்தான். "உனக்கும் சேத்துத்தானேடி பங்கு வைச்சனாங்கள்!"

"சதீஸ்," என்றார் மேடம்.

"பின்னேரம் மேடம். காலமையில ரியூசன். பரீட்சை வருகுதெண்டு விடியக் காலமையும் வகுப்பு வைக்கினம்."

எழுத்துப் பரீட்சைக்குப் பிள்ளையை ஆயத்தப்படுத்தும் வகுப்பு, பரீட்சை இல்லாத கணிப்பீட்டுக்குள்ளும் வந்து கிணற்றில் தண்ணீரை இறக்கியிருந்தது. என் நாலு கேள்விகளில் ஒன்றிலும் அதைக் கேட்க இடமில்லை.

"அளவு பிழை எண்டு கண்டால் என்ன செய்யிறது?" மேடம் சதீசிடம் கேட்டார்.

"திரும்ப அளக்கிறது." கோபத்தில் சொன்னான், ஆனால் யோசிக்காமல் சொன்னான்.

"அப்ப அளவுங்கோ. நாளைக்கு விடிய." என்னிடம் திரும்பினார். "பட்டியலை நாளைக்குக் குடுக்கிறன். மேல கேட்டால் நான் பதில் சொல்லுறன்."

அவர் அப்படிச் சொல்லி நான் முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. அன்று இரவு இரத்த அழுத்தக் குளிசையைப் போட்டேனா இல்லையா என்று தெரியாமல் குளிசை அட்டையை எண்ணிப் பார்த்தேன்.

மறுநாள் விடிய, சனம் வாளியோடு வருமுன்னர் ஐந்தாவது கிணற்றடியில் எல்லோரும் நின்றோம். நூலை இறக்குமுன் மேடம் வினோதினியிடம் பென்சிலைக் கொடுத்தார். "எங்க இருக்குமெண்டு குறியுங்கோ, மூண்டுக்கும்." அவள் குறித்தாள். சதீஸ் நூலை இறக்கினான். முதல் நாள் பேசிய பேச்சுக்குப் பிறகு அளவைத் தவிர இருவரும் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. அவன் அளவைச் சொல்ல, அவள் புள்ளி வைத்தாள். முதலாவது அவள் குறித்த இடத்திலேயே விழுந்தது. இரண்டாவது கொஞ்சம் மேலே. மூன்றாவது திரும்ப அவளுடைய இடத்திலேயே. நிஸ்வர் மட்டும், "இவவை வெத்திலையில மை போட்டுப் பாக்க விடலாம்," என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை, வினோதினியைத் தவிர.

ஆசிரியர் அறையில் இருந்து ரீச்சரின் எண்பதையும் கிணற்றடி இருபதையும் கூட்டினேன். செம்மைக்கான நிரலில் கடைசி மூன்று கிணற்றுக்கும் குறைக்கவேண்டியிருந்தது. அளந்த சதீசுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகக் குறைந்தது. திரும்ப அளந்ததற்குக் கொஞ்சம் ஏற்றினேன். மேலிருந்து கீழே கூட்டினேன், கீழிருந்து மேலே கூட்டினேன். வினோதினி ஐம்பத்து நான்கு. மற்ற நாலு பேரும் ஐம்பதுக்கு மேல். சதீஸ் நாற்பத்தெட்டு.

மேடம் கையெழுத்து வைக்குமுன் பிள்ளைக்குப் புள்ளியைக் காட்டவேண்டும் என்பது முறை. சதீஸ் பார்த்தான். "சரி சேர்," என்றான். வாசலுக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். பிறகு வந்த வினோதினி தன்னுடையதைப் பார்க்காமல் அவனுடையதைத்தான் தேடினாள்.

"சேர், என்ர ஐம்பத்தி நாலில ரெண்டை வெட்டி அண்ணாவுக்குப் போடுங்கோ. எனக்கு ஐம்பத்திரண்டு, அவருக்கு ஐம்பது. ரெண்டு பேரும் போகலாம்."

கணக்கில் பிழையில்லை. நான் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கணக்கை மனத்துக்குள் திரும்பச் செய்து பார்த்தேன், எங்காவது பிழைக்காதா என்று. பிழைக்கவில்லை. மேடம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பர்ஹானா ரீச்சர் யன்னல் பக்கம் திரும்பிவிட்டார். இந்தப் பிள்ளை கேட்டது இரக்கத்தில் மட்டும் அல்ல. அவன் விழுந்தால் இவளுக்குக் கொழும்பு பஸ்.

"பிள்ளை," என்றேன், "அஞ்சாவது கிணத்தில மட்டம் குறைவெண்டு வையுங்கோ. பக்கத்துக் கிணத்தில ரெண்டு வாளி அள்ளி அதுக்குள்ள ஊத்திப்போட்டு அளந்தால் சரி வருமோ?"

அவள் தலையைக் குனிந்தாள்.

"வராது. ஊத்தின தண்ணி நிக்காது." வாசலில் நின்ற சதீஸ்தான். எங்களுக்குச் சொல்லவில்லை, எரிச்சலில் அவளுக்குச் சொன்னான். "விடு வினோ. வா."

மேடம் பேனை மூடியைக் கழற்றியவர் அப்படியே நிறுத்தினார். "ஏன் நிக்காது?"

இனி இழக்க ஒன்றும் இல்லாதவனின் அலட்சியத்தோடு அவன் திரும்பினான். "மணலுக்குள்ளால போயிடும் மேடம். கிணறு ஏழெண்டு நாங்கள்தான் சொல்லுறம். கீழ தண்ணி ஒண்டுதானே. ஒரு இடத்தில ஊத்தினால் எல்லா இடத்துக்கும் பரவிடும். ஒரு இடத்தில அள்ளினால் எல்லா இடத்திலயும் இறங்கும். பள்ளிவாசலடியில மோட்டர் போட்டால் எங்கட வீட்டுக் கிணத்தில வாளி அடியில தட்டும். அதாலதானே நான் பின்னேரம் அளந்தது பிழைச்சது."

தான் என்ன சொன்னான் என்பது அவனுக்குத் தெரியவில்லை.

"அந்தக் கேள்விக்கு எத்தினை போட்டனீங்கள் சேர்?" என்றார் மேடம்.

"ஆறுக்கு ஒண்டு."

"இப்ப?"

எனக்குப் பதற்றம். கேட்டு முடிந்த பிறகு வந்த விடை. ஒருவர் முறைப்பாடு எழுதினால் என்ன சொல்வது? "மற்றப் பிள்ளையளுக்கு இப்பிடி ரெண்டாந்தரம் குடுக்கேல்லை மேடம். அது நீதி இல்லையே."

"ஓம். அப்ப எல்லாரையும் கூப்பிடுங்கோ. திரும்பக் கேப்பம்."

கூப்பிட்டோம். ஒவ்வொருவரையும் அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டோம். நிஸ்வருக்கு ஒன்று ஏறியது. மற்றவர்களுக்கு மாற்றம் இல்லை. சதீசின் தாளில் ஒன்றை வெட்டி ஐந்து எழுதினேன். வெட்டினால் பக்கத்தில் காரணம் எழுதிச் சுருக்கொப்பம் வைக்கவேண்டும். காரணத்துக்கு விட்டிருந்த இடம் இரண்டு விரல் அகலம். என்ன எழுதுவது என்று யோசித்து, கடைசியில் உள்ளதை எழுதினேன்: முதலில் கேட்டபோது தெரியாது. இப்போது தெரியும்.

மேடம் அதை வாசித்தார். கீழே கையெழுத்து வைத்துத் தாளை என்னிடம் தள்ளினார். அவனுடைய நாற்பத்தெட்டையும் திருத்தவேண்டுமே. நான் பென்சிலை எடுத்து மேல் வரியில் வைத்தேன்.

"ஐம்பத்திரண்டு," என்றாள் வினோதினி.